ஓர் இணைப்பில் இரண்டு மூச்சு

மூச்சுப்பெட்டிக்குத் திரை கிடையாது, பொத்தானும் கிடையாது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கணினிப் பலகை, அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, வெளியே தெரியும்படி ஒரேயொரு பச்சை விளக்கு. பெட்டி விழித்திருந்தால் விளக்கு சிமிட்டும். அது வைஃபையைத் தேடுகிறதா, கண்டுபிடித்துவிட்டதா, கண்டுபிடித்தும் வாசலிலேயே நிற்கிறதா என்பதெல்லாம் அதற்குத்தான் வெளிச்சம்.

அய்யாத்துரை காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேபிள் டிவி என்று ஒன்று இருந்த காலத்தில் அந்த ஊரின் பாதிக் கம்பங்களில் ஏறி இறங்கியவர் அவர். அங்கே குறை இருந்தால் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எந்த வீட்டில் படம் ஆடுகிறது என்பதை வைத்தே எந்தக் கம்பத்தில் வயர் நைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இது அப்படியில்லை. கார்டைக் கழற்றிப் பழைய மடிக்கணினியில் செருகி, அதிலுள்ள சின்னக் கோப்பு ஒன்றில் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி, மறுபடி பெட்டியில் போட்டு, மின்சாரம் கொடுத்துவிட்டுக் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். இணைந்தால் கைப்பேசிக்குச் செய்தி வரும். இணையாவிட்டால் ஒன்றும் வராது. ஏன் வரவில்லை என்பதும் வராது.

அவர் மனைவி செண்பகவல்லி நாற்காலியில் முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மில்லில் பஞ்சுத் தூசிக்குள்ளேயே நின்றவள். இப்போது ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனாலும் வாய் குறையவில்லை.

"என்ன, கம்பத்துல ஏறித்தான்... பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

"சும்மா இரு. என்னமோ ஒரு வரி விட்டுப்போயிருக்கு."

பெட்டியை அனுப்பிவைத்த அறக்கட்டளையின் செய்முறைத் தாளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அடியில் பொடியெழுத்தில் அந்த வரி இருந்தது.

"எந்த நாட்டுல இருக்கோம்னு எழுதணுமாம். அதை எழுதாட்டா உள்ள இருக்கிற ரேடியோவையே தொறக்காதாம்."

"அது சரி." அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் முந்திக்கொண்டது. "வந்தவுகள எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேக்காம... தண்ணி குடுக்க மாட்டாகளே உங்கம்மா. அவுக வம்சந்தான் இதுவும்."

நாட்டையும் எழுதிப் போட்டார். விளக்கு சிமிட்டியது. கொஞ்சம் நின்றது. பிறகு மூச்சுவிடுவதுபோல நிதானமாக எரிந்து எரிந்து அடங்கியது. கைப்பேசி ஒலித்தது. "செண்பகவல்லி அவர்களின் பெட்டி இணைந்தது. இன்றைய காற்றழுத்தம் அனுப்பப்படுகிறது."

பெட்டியை அவள் நெஞ்சுப் பட்டையில் மாட்டி, குழாயை மூக்கில் பொருத்தினார். மோட்டார் தேனீயைப்போல ரீங்கரித்தது. செண்பகவல்லியின் தோள்கள் மெல்ல இறங்கின. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"ஏங்க" என்றாள், ஒரே மூச்சில். "எதிர்வீட்டுல கருவாடு வறுக்காக."

அய்யாத்துரை மடிக்கணினியை மூடிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று அவளிடம் சொல்லிக்கொண்டார்.

*

செண்பகவல்லிக்கு நல்லது நடந்தால் அதைத் தெருவுக்குப் பங்கு வைக்காமல் இருக்க முடியாது. பின்சந்தில் இருந்த பிரம்மசக்தியைக் கூட்டிவந்து பெட்டியைக் காட்டினாள். பிரம்மசக்தி அவளோடு அதே மில்லில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தவள். புருஷன் விட்டுப்போனபின் பள்ளிக்கூடம் போகும் மகளோடு தனியாக இருந்தாள். அவளுக்கும் இருமல் தொடங்கியிருந்தது. ஆனால் ஒப்பந்த ஆட்களின் பெயர் மில் பதிவில் கிடையாது. பதிவில் பெயர் இல்லாதவருக்குப் பெட்டியும் கிடையாது.

"நம்ம மாடத்தி பெட்டி சும்மாதானே கெடக்கு" என்றாள் செண்பகவல்லி, அவள் போனபிறகு.

மாடத்தி இன்னொரு மில்காரி. முந்தின மாதம் இறந்துபோனாள். நகராட்சியில் இறப்பைப் பதிந்த அன்றைக்கே அவள் பெட்டி நின்றுவிட்டது. உதிரிச் சாமானுக்கு ஆகும் என்று அவள் வீட்டார் அய்யாத்துரையிடம் கொடுத்திருந்தார்கள்.

"அது செத்த பெட்டி. மேலேருந்து அதுக்கு உத்தரவு வராது."

"எனக்கு வருதுல்லா? அதையே அவளுக்கும் பிரிச்சு விடுங்க. நீங்க செய்யாத வேலையா?"

அந்தக் கடைசிப் பேச்சு அவர் தொழிலைத் தொட்டது. ஒரு இணைப்பிலிருந்து இரண்டு டிவிக்குப் பிரித்துவிடுவது அவருக்கு இடதுகை வேலை. ஒரு சின்னப் பித்தளைத் துண்டைச் செருகினால் இரண்டு வீட்டிலும் அதே படம் ஓடும். முதல் வீட்டுக்காரனுக்கு ஒரு குறையும் வராது. இதுவும் அப்படித்தான் என்று அவர் நினைத்தார். மேலேயிருந்து தினமும் 'இவ்வளவு காற்று' என்று வருகிறது. அதை இரண்டு பெட்டி கேட்டால் யாருக்கு நஷ்டம்?

செண்பகவல்லியின் கார்டை அப்படியே நகலெடுத்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வழி கண்டுபிடித்தவன் அந்த வழியை விட்டு விலகுவானா? பாஸ்வேர்டு, நாடு, அறக்கட்டளை கொடுத்த அடையாள எண் எல்லாம் உள்ளது உள்ளபடியே போயின. சிக்னல் பிரம்மசக்தி வீட்டுச் சுவர்வரை எட்டியது. மாடத்தியின் பெட்டி உயிர் பெற்றது.

"யக்கா, இன்னைக்கு நின்னு நின்னு ஏறாம மாடிக்குப் போனேன்" என்று பிரம்மசக்தி வந்து சொன்னபோது, செண்பகவல்லி அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்துக்கொண்டாள்.

*

மழைக்காலம் வந்தது. தினமும் வரும் செய்தியைச் சத்தமாகப் படித்துக்காட்டுவது அய்யாத்துரைக்கு வழக்கமாகிவிட்டது.

"நேற்றைவிட முன்னேற்றம். இன்று அழுத்தம் சற்றுக் குறைக்கப்படுகிறது. வாழ்த்துகள்."

"எனக்கென்னமோ இழுக்க மாதிரி இருக்குங்க."

"ஈரக்காத்து. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

இன்னொரு நாள், குளித்துவிட்டு வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. "காத்து பத்தல... கொஞ்சம் கூட்டிவைக்க முடியுமான்னு பாருங்க."

அவர் கைப்பேசியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு. தேறிட்டன்னு போட்டிருக்கு. தேறத் தேறக் காத்தைக் கொறச்சாத்தான் நுரையீரல் தானா வேலை செய்யும்."

"எனக்குத் தெரியாதா, என் மூச்சு?"

"மெஷின் பொய் சொல்லுமா? நீதான் பயந்துபோய் இழுத்து இழுத்து விடுத."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அவள் தேறிவருகிறாள் என்ற செய்தியை அவர் அத்தனை ஆசையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டியின் உள்ளே பார்க்க வழியில்லாதவருக்கு அந்தச் செய்தி ஒன்றே சன்னல். அந்தச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தவர், எதிரே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்க்க மறந்துவிட்டார்.

அதற்குப்பின் செண்பகவல்லி இழுக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். அதையும் அவர் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டார்.

*

அறக்கட்டளையின் நர்ஸ் ஜெசிந்தா தை பிறந்தபின் வந்தாள். சுற்று வட்டாரத்துக்கு அவள் ஒருத்திதான். இந்த ஊருக்கு அவள் முறை வர அவ்வளவு காலம் ஆகியிருந்தது. வாசலில் வரும்போதே கையிலிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டு, "உங்க ஏரியாவுலயே அக்காதான் ஃபர்ஸ்ட் மார்க்" என்றாள். உள்ளே வந்து செண்பகவல்லியைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். விரலில் கவ்வியைப் பொருத்திப் பார்த்தாள். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது அக்காவோட மூச்சு இல்ல."

"என்னம்மா சொல்லுத?"

"காலையில ஒரு மாதிரி பதிவாகுது, சாயங்காலம் வேற மாதிரி. ஒண்ணு நோஞ்சான் மூச்சு, ஒண்ணு தெம்பான மூச்சு. இந்த வீட்டுல இன்னொரு பெட்டி ஓடுதா?"

அய்யாத்துரை மறைக்கவில்லை. கார்டை நகலெடுத்ததைச் சொன்னார். "ஒரு கனெக்‌ஷன்ல ரெண்டு டிவி ஓட்டுற மாதிரிதானேம்மா. மேலேருந்து வாரதைத்தானே பிரிச்சுவிட்டேன்."

ஜெசிந்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ அண்ணாச்சி. டிவியில படம் உங்க வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். நீங்க பாத்தீங்களா, அழுதீங்களா, தூங்குனீங்களான்னு திரும்பிப் போகாது. இதுல போகுது. அக்கா எப்படி மூச்சு விடுறாங்கன்னு பெட்டி மேல சொல்லும். அதை வச்சுத்தான் அங்க இருக்கிற கம்ப்யூட்டர் அழுத்தத்தை முடிவு பண்ணும். ரெண்டு பேரு ஒரே அடையாளத்துல போனா அதுக்கு ரெண்டு பேருன்னு தெரியாது. ஒரு ஆளுன்னு நெனச்சு நடுவாந்திரமாப் பாத்திருக்கு. பிரம்மசக்தி தேறத் தேற, அக்கா தேறுறாங்கன்னு நெனச்சிருக்கு."

"நெனச்சு?"

"அக்காவுக்குக் காத்தைக் குறைச்சுக்கிட்டே வந்திருக்கு."

கொடியில் காய்ந்த சேலையின் நிழல் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி கண்ணை மூடியிருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

"இப்ப என்னம்மா செய்யணும்?" என்றார் அய்யாத்துரை.

"அந்தப் பெட்டி இனிமே இணையக் கூடாது. நான் பழசையெல்லாம் அழிச்சு, அக்காவை மட்டும் புதுசாப் படிக்கச் சொல்றேன். படிச்சு முடிக்கக் கொஞ்ச நாளாகும். மேல எழுதிக் குடுத்தா ரெண்டையும் பூட்டிருவாங்க, அதனால நான் எழுதல." அவள் எழுந்தாள். "ஆனா ரெண்டு பேருக்கும் இது ஓடாது அண்ணாச்சி. ஒருத்தருக்குத்தான்."

*

அவர் அன்றே வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார். செண்பகவல்லியின் கார்டில் மட்டும் புதியதை எழுதினார். பின்சந்துப் பெட்டி இனிப் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். பிரம்மசக்தியிடம் போய்ச் சொல்ல அவருக்குக் கால் வரவில்லை.

இணைப்பு இல்லாமல் ஒரு நாள் தாக்குப்பிடித்த பெட்டி மறுநாள் நின்றது. பிரம்மசக்தி வாசலுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, காத்தே வரலியே. லைட்டு மட்டும் படபடன்னு அடிச்சுக்கிடுது. கரண்டு கோளாறா?"

"கம்பெனியில ஏதோ ரிப்பேராம். சரியாயிரும், போ."

அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டே போனாள். உள்ளேயிருந்து செண்பகவல்லி கூப்பிட்டாள். பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் கேட்டது.

"சொல்லிட்டுச் செய்யுங்க" என்றாள். மூச்சு வாங்கினாள். "ஒருத்தி மூச்ச நிறுத்துறவுக... மூஞ்சியக் காட்டிட்டு நிறுத்தணும். அந்தப் பிள்ள நம்மளையில்லா... நம்பி நிக்கா."

அவர் போனார். பிரம்மசக்தியின் மகள் முற்றத்தில் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஜெசிந்தா சொன்னதை அப்படியே சொன்னார். பிரம்மசக்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில்தான் கேட்டாள்.

"அப்ப மாடியேறுனேன்னு வந்து பீத்துனேனே... அது அக்கா மூச்சா அண்ணாச்சி?"

அவள் பட்டையை அவிழ்த்துப் பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

"மொதல்லயே இதைக் குடுக்காம இருந்திருக்கலாம். இல்லாதது இல்லாததாவே இருந்திருக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கம்ப்யூட்டர் செண்பகவல்லியைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியது. செய்திகளின் தோரணை மாறியது: "கவனம் தேவை." "அழுத்தம் கூட்டப்படுகிறது." "மேலும் கூட்டப்படுகிறது." அது படித்து முடிக்கும்வரை அவள் நுரையீரல் காத்திருக்கவில்லை. ஒரு வெயில் பொழுதில், அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, டம்ளருக்கு நீட்டிய கை பாதியில் இறங்கியது. பெட்டி மட்டும் சளைக்காமல் ஊதிக்கொண்டிருந்தது.

*

பால் தெளித்து முடிந்த அன்று மச்சான் சங்கரபாண்டி பேச்செடுத்தார். செண்பகவல்லியின் அண்ணன் அவர்.

"மாப்ள, மில்லு கேட்டுல ஒட்டுறதுக்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கச் சொல்லிரவா? நல்ல போட்டோ ஒண்ணு எடுத்துக் குடுங்க. நாளைக்கு முனிசிபாலிட்டியில போய்ப் பதிஞ்சுட்டும் வந்துருவோம்."

பின்சந்திலிருந்து இருமல் கேட்டது. நீண்டு, நின்று, மறுபடி நீண்டது. அதற்கு நடுவே ஒரு சிறுமியின் குரல், "யம்மா, தண்ணி குடி" என்றது.

"போஸ்டர் வேண்டாம் மச்சான்" என்றார் அய்யாத்துரை. "பதியவும் வேண்டாம்."

"என்னது?"

"கொஞ்ச நாள் போகட்டும்."

சங்கரபாண்டி எழுந்து நின்றார். "என்னவே பேசுதீரு? என் தங்கச்சி என்ன நாதியத்துப் போனவளா? தெருவுல நாயி செத்தாக்கூட நாலு பேருக்குத் தெரியும். அவளுக்கு ஒரு காயிதம் ஒட்ட உமக்கு மனசு வரலியோ? இருந்தப்ப மூச்சு முட்டுதுன்னு என்கிட்ட போன்ல அழுதா. நீரு மெஷினைப் பாரு, மெஷினைப் பாருன்னீராம்."

எல்லாம் நடந்ததுதான். சங்கரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் பதினாறாம் நாளுக்கும் வரவில்லை.

அய்யாத்துரை செண்பகவல்லியின் பெட்டியை எடுத்துத் துடைத்தார். குழாயை வெந்நீரில் கழுவிக் காயவைத்தார். பிறகு பின்சந்துக்குக் கொண்டுபோனார். பிரம்மசக்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. ஒரு தடவ வாங்கி அக்காவ முழுங்கினது போதும்."

"நீ முழுங்கல. நான் தெரியாம ஊட்டிவிட்டுட்டேன்." அவர் பெட்டியைச் சுவரோரமாக வைத்தார். "இதுக்குள்ள இப்ப ஒரு ஆளுதான். மேல உள்ளது உன்னைய ஒழுங்காப் படிக்கும். யாரு காத்தும் குறையாது."

"அக்கா செத்ததைப் பதிஞ்சா நின்னுருமே இது."

"பதியல."

அவள் அவரையே பார்த்தாள். "எத்தனை நாளைக்கு?"

"உன் பிள்ள தலையெடுக்கிற வரைக்கும் நீ இருக்கணும்லா."

அறக்கட்டளையின் கணக்கில் செண்பகவல்லி சாகாமல் இருந்தாள். தினமும் செய்தி வந்தது. அதைச் சத்தமாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் அவர் படிக்காமலே அழித்துவிடுவார். படத்துக்கு மாலை போட முடியவில்லை. பார்வையிட வருகிறவர்கள் கண்ணில் படும். யாராவது வெளியூர்க்காரர் "வீட்டுல நல்லா இருக்காங்களா?" என்று கேட்டால் "இருக்கா" என்பார். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளை இன்னும் கொஞ்சம் புதைக்கிற மாதிரி இருந்தது.

ஜெசிந்தா அடுத்த முறை வந்தபோது பிரம்மசக்தி அந்த வீட்டு நாற்காலியில், நெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்த்தாள். அய்யாத்துரையின் மழிக்காத முகத்தைப் பார்த்தாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ போயி ரெண்டு வாரத்துல."

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கருவியைக் கையில் எடுத்தாள். "இந்த மாசத்திலேருந்து நோயாளி குரலையும் பதியச் சொல்லியிருக்காங்க. நான் கேக்கறதுக்குப் பதில் சொன்னா போதும்." பதிவைத் தொடங்கினாள். "உங்க பேரு?"

பிரம்மசக்தி அய்யாத்துரையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செண்பகவல்லி" என்றாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

கருவி காத்திருந்தது. பிரம்மசக்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை விழாமல் பிடித்துக்கொண்டு, தெளிவாக, ஒரே மூச்சில் சொன்னாள்.

"அய்யாத்துரை."

ஜெசிந்தா பதிவை நிறுத்தினாள். மேலே இருந்த கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டது.

மேலே உள்ளதற்கு என்ன தெரியும்? செண்பகவல்லி தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து கண்ணை மூடிய நாள்வரை புருஷன் பேரை வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டு அவர் பக்கம் கையைக் காட்டுவாள். அவர்தான் சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு அவர் 'ஏங்க'.

அய்யாத்துரை தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். அடக்கம் முடிந்து இத்தனை நாளுக்குப் பிறகு, அப்போதுதான் அவருக்கு வாய்விட்டு அழுகை வந்தது.